பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பைப்

சக்திகுமார் துண்டைச் சுருட்டி பாத்ரூம் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். துண்டுக்கு மேலும் கீழும் வெந்நீர் பீய்ச்சி அடித்தது. போன வாரம் சமையலறைச் சுவர், இந்த வாரம் இது. பென்னலூரில் புது வீடு கட்டிக் குடிவந்து ஒரு கோடைகூட முழுசாகப் போகவில்லை.

"எழில்! மொட்ட மாடியில வெந்நீர் டேங்க் வால்வ மூடு! சீக்கிரம்!"

"ஏழு மாசத்த வச்சிகினு நான் மாடி ஏறணுமா?" கூடத்திலிருந்து எழிலரசியின் குரல் வந்தது. "நீ போய் மூடு. நான் வந்து துண்ட புடிக்கிறேன்."

"ஐயோ, உள்ள வராத! வழுக்கும்!"

"வழுக்கும்னு தெரியுதில்ல? ஞாயித்துக்கெழம வளைகாப்பு. அதுக்குள்ள இது நிக்கலன்னா நான் வாலாஜாபாத்துக்கு அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். வளைகாப்பும் அங்கதான், அதுக்கப்புறம் எல்லாமும் அங்கதான்."

சக்திகுமார் துண்டை இன்னும் அழுத்தினான். சொந்த வீட்டில் வளைகாப்பு நடத்த வேண்டும் என்றுதானே இப்படி அவசர அவசரமாகக் கட்டினான்! அதுவும் யார் வீட்டில் பைப் உடைகிறது? ஒரகடம் பைப் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் வீட்டில்! 'ஐம்பது ஆண்டு உழைக்கும்' என்று அந்தக் கம்பெனி மதில் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். உற்பத்தி லைனில் ஓடி வருகிற பைப்பை எவன் வேண்டுமானாலும் வாங்கலாம். இவன் மாதக்கணக்கில் காத்திருந்து, 'சோதனையில் தேறியது' என்று கம்பெனியின் சோதனை லேபில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பைப்பாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவன். கலெக்டர் வீட்டில்கூட அப்படிப்பட்ட பைப் இருக்காது.

பிளம்பர் மூர்த்தி வந்து சுவரை உடைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கே சொன்னேன் சார். எல்லாம் முழம் முழமா துண்டா கீது. கலரும் பழுத்துப் போயி கீது. கடையில நீட்டு பைப்பா வாங்கிக் குடு, ஒரே நாள்ல மாத்திடறேன்."

"சோதனை பண்ணாத பைப்ப என் வூட்டுல போடுவியா நீ?" சக்திகுமார் சீறினான். "உன் ஒட்டு சரியில்ல. அத சொல்லு."

"ஒட்டு கல்லு மாதிரி கீது சார். பைப்புதான் அப்பளமா நொறுங்குது."

"பேசாத. மீதி கட்டு மாடிப்படிக்குக் கீழ இருக்கு. அதுலருந்து எடுத்துப் போடு."

மூர்த்தி பச்சை ஸ்டிக்கர் துண்டு ஒன்றைப் போட்டார். மறுநாள் அதற்குப் பக்கத்துத் துண்டு பிளந்தது. அதை மாற்றினார். மாற்றியதே பிளந்தது.

பிளம்பர் மேல் குற்றமில்லை என்றால் குடித்தனக்காரர்கள் மேல்தான் இருக்க வேண்டும். மேல் போர்ஷனில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் நாலு பேர், செல்போன் கம்பெனியில் வேலை. சக்திகுமார் படியேறிப் போய்க் கதவைத் தட்டினான். சுகப்பிரியா ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"இன்னாம்மா, வேலை உட்டு வந்தா ஆளாளுக்கு வெந்நீரா? பைப் தாங்க வேணாமா?"

"ஏண்ணே, சுடுதண்ணி போனா ஒடஞ்சிரும்னா அதுக்கு எதுக்கு சுடுதண்ணி பைப்புன்னு பேரு வச்சிருக்கீய?"

கம்பெனி மானத்தைத் தொட்டுவிட்டாள். சக்திகுமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரு பைப்ப சொல்ற? எங்க லேப்ல தொட்டியில போட்டு ராப்பகலா வேக வைக்கிறாங்க. அதுக்கே அசையாது! உங்க குளியலுக்கா ஒடையப் போவுது?"

"அப்ப எங்கள எதுக்குண்ணே ஏசுதீய?"

சக்திகுமார் படி இறங்கி வந்துவிட்டான்.

சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தான். ஒன்றிரண்டு மாற்றுவதால்தானே தொல்லை? சமையலறை லைன் முழுவதையும் பிடுங்கிவிட்டு, மீதியிருந்த கட்டை அவிழ்த்து எல்லாமே பச்சை ஸ்டிக்கராகப் போடச் சொன்னான். மூர்த்தி தலையில் அடித்துக்கொண்டே போட்டார். சாயங்காலம் வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. எழிலரசிகூடச் சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் கூடியது. மாமியார் காமாட்சியம்மாள் கலந்த சாதங்களைச் சமையலறை மேடையில் வரிசையாக வைத்துவிட்டு, மகள் கைக்கு வளையலை எடுத்தார்.

டப்பென்று ஒரு சத்தம். சுவர் வாய் பிளந்தது. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாவற்றின் மேலும் வெந்நீர் அபிஷேகம். பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். எழிலரசி கால் வழுக்கி, நல்லவேளையாகப் பக்கத்தில் நின்ற ஓர் அத்தைமேல் சாய்ந்தாள்.

சக்திகுமார் ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தான். காமாட்சியம்மாள் அவனிடம் கத்தவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

"மாப்ள, சாதம் கஞ்சியாப் போனா போவட்டும். என் பொண்ண நான் இட்டுகினு போறேன். தண்ணி நின்னா சொல்லி அனுப்புங்க."

வண்டியில் ஏறும்போது எழிலரசி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை, பிளந்த பைப் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கம்பெனி லேபுக்குள் புகுந்தான். சோதனைப் பிரிவில் இருந்த மஹாலட்சுமியின் மேஜைமேல் அதைத் தடாலென்று போட்டான்.

"ஊர ஏமாத்தறீங்களா? ஐம்பது வருஷம் உழைக்கும்னு மதில்ல எழுதத் தெரியுதில்ல? ஒரு கோடை தாங்கல! என் பொண்டாட்டி அம்மா வூட்டுக்குப் போயிட்டா. பொய் ஸ்டிக்கர் ஒட்ன ஆள் யாரு? எனக்கு இப்பவே தெரியணும்!"

மஹாலட்சுமி பைப்பைப் புரட்டி ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"நான்தான் ஒட்டினேன். இது எப்படிண்ணா உங்க வீட்டுக்கு வந்துச்சு?"

"லேப் வாசல்ல கட்டி வச்சிருந்தீங்களே, அதுதான். கேட் பாஸ் போட்டு எடுத்தேன், திருடல. தேறுச்சா, தேறலையா? அத மட்டும் சொல்லு!"

அவள் பின்னால் ஆவி பறந்துகொண்டிருந்த வெந்நீர்த் தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"தேறுச்சுண்ணா. ஐம்பது வருஷத்துச் சூட்டையும் தண்ணியையும் இந்தத் தொட்டியிலயே முழுசா அனுபவிச்சு முடிச்சதுக்குத்தான் அந்த ஸ்டிக்கர். உங்க வீட்டுல ஓடினது ஐம்பத்தோராவது வருஷம்."