தலைவரின் பகல் தூக்கம்

"மாப்பிள்ளை, எல்லாம் சரி, தலைவர் தூங்குற ரூமைக் காட்டவே இல்லியே!"

கூட்டத்தின் கடைசியிலிருந்து மாமியார் குரல் கொடுத்ததும் வழிகாட்டிக்கு உச்சி குளிர்ந்தது. 'ஊர் சுத்திக் காட்டறதெல்லாம் ஒரு வேலையா?' என்று இளக்காரம் பேசியவர், இன்று தலைவர் மாளிகையின் சரவிளக்குகளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்! மாமனார் மட்டும், "முட்டி வலிக்குது, நான் வாசல்லயே உக்காந்துக்கறேன்" என்று கழன்றுகொண்டார். போகட்டும். இந்த வாரம் வேலை நிரந்தரமாகிவிட்டால் அவரும் வழிக்கு வருவார்.

"காட்டிட்டாப் போச்சு அத்தை! நாட்டோட முதல் தலைவர் படுத்த கட்டில், அவர் ராத்திரியெல்லாம் சட்டம் எழுதின மேசை, எல்லாம் அப்படியே இருக்கு!"

மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். இடப்பக்கம் முதல் தலைவரின் அறை, பொதுமக்கள் பார்வைக்கு. வலப்பக்கம் இப்போதைய தலைவரின் அறை. அதைத் தொட்டாலே சீட்டுக் கிழிந்துவிடும். கூட்டத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே பேசுவது வழிகாட்டியின் வழக்கம். மாமியார் பாராட்டிய குஷியில், அப்படி நடக்கும்போது தன் இடக்கைப் பக்கம் இருப்பது வலப்பக்கக் கதவு என்பது மறந்துபோயிற்று.

கதவைத் திறந்தான். மேசையில் இன்றைய செய்தித்தாள். சார்ஜ் ஏறும் கைப்பேசி. கட்டிலில் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள்.

ஐயோ, இது இப்போதைய தலைவரின் அறை!

"யாருங்க படுத்திருக்கறது?" என்றார் முன்வரிசைக் கண்ணாடிக்காரர்.

"மெ... மெழுகு பொம்மை! முதல் தலைவர் ஓய்வெடுக்கறாரு. பார்த்தாச்சுல்ல, கிளம்புங்க, கிளம்புங்க!"

பொம்மை என்று கேட்டதும் யார் கிளம்புவார்கள்? முண்டியடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

"ஐயோ, கால் விரல் ஆடுது!"

"உள்ள மோட்டார் இருக்கு."

"அந்தக் காலத்துல ஏதுங்க கைப்பேசி?"

"அது... மோட்டாரை ஓட்டறதுக்கு."

"அந்த விரலைத் தொட்டுப் பார்க்கட்டுமா?"

"ஷாக் அடிக்கும்!" என்று வழிகாட்டி அலறிய அலறலில் பாதுகாப்பு அதிகாரியே ஓடிவந்துவிட்டார். கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. காலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"அடப்பாவி!" என்று அசையாமலே பல்லைக் கடித்தார். "மீட்டிங்லேர்ந்து ஐயா எப்ப வந்து படுத்தாருன்னு எனக்கே தெரியல. அவரைப் போய் ஊருக்கு வேடிக்கை காட்டறியா? இன்னியோட உன் வேலை காலி!"

வழிகாட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலையும் போயிற்று, மாமியார் முன்னால் மானமும் போயிற்று.

அப்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அதிகாரி இன்னும் விறைத்தார்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மாமியார் முன்னால் வந்தார். தலையைச் சாய்த்து ஒரு கணம் கேட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"சார், சல்யூட்டை இறக்குங்க. கல்யாணமான நாள்லேர்ந்து இந்தக் குறட்டையோடதான் நான் குடித்தனம் பண்றேன்!"