கட்டில் மேல் ஒழுகும் மரியாதை

மதிப்பும் பாசமும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

தங்கள் வீட்டில் அனைவரும் சௌக்கியமா? இப்படிக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று தாங்கள் எழுதிக் கொடுத்த நோட்டில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, அதனால் கேட்டுவிட்டேன். நான் சௌக்கியமாக இல்லை. தலைமாட்டில் வாளி, கால்மாட்டில் அண்டா, நடுவில் குடையோடு கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இருபது வருடம் ஆபீஸில் கடிதப் பிரிவில் இருந்தவன் சொல்கிறானே என்று நம்பினேன். மாடி வீட்டுப் பல் டாக்டரின் குளியலறைத் தண்ணீர் என் கட்டிலில் சொட்டுகிறது என்றதற்கு, "அத்தான், குறையை நேரா சொல்லிடாதீங்க. முதல்ல பாராட்டு, நடுவுல விஷயம், கடைசியில நன்றி" என்று சொன்னது யார்? நீதானே? நானும் அவர் விடியற்காலையில் எழுந்து குளிக்கும் ஒழுக்கத்தை ஒரு பக்கம் புகழ்ந்து, "தங்கள் நீர்வளத்தில் ஒரு பங்கு கீழ்வீட்டு அடியேனுக்கும் கிட்டிவருவதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதி, நன்றி கூறி முடித்தேன். மறுநாள் அந்த மனுஷன் கண் கலங்கிப்போய் வந்து நிற்கிறார். "என்னை யாருமே இப்படிப் பாராட்டினது இல்லைங்க. உங்க கடிதத்தைக் கண்ணாடி போட்டு கிளினிக்ல மாட்டிட்டேன்" என்றார். காபி கொடுத்து வழியனுப்பினேன். பதினோராம் பக்கத்து நினைவூட்டல் கடிதத்தையும் அனுப்பினேன். அதைப் படித்த உற்சாகத்தில் அவர் பெரிய குளியல் தொட்டியே வாங்கி வைத்துவிட்டார். சொட்டிக்கொண்டிருந்தது இப்போது கொட்டுகிறது.

உன் அக்கா ஈரத் தலையணையைத் தூக்கி என் மடியில் போட்டாள். "மாடிப்படி பதினாறு. ஏறிப் போய் வாயால ஒரு வார்த்தை சொல்ல உங்களால முடியல. நான் தம்பி வீட்டுக்குப் போறேன்" என்றாள். மூன்றாவது கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் குடும்பத்தைப் பிரித்தது உன் பணிவு. உன் நோட்டு இத்துடன் திரும்பி வருகிறது. இனி எந்தக் காலத்திலும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கு இந்த முறை இல்லை.

இப்படிக்கு,
நனைந்துகொண்டிருக்கும் அத்தான்

பின்குறிப்பு: மூன்று நாள் கழித்து எழுதுவது. இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது பல் டாக்டர் குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். கையில் உன் அக்கா உன் வீட்டிலிருந்து அனுப்பிய சீட்டு: "தண்ணி எங்க கட்டில்ல ஒழுகுது. இன்னைக்கே அடைங்க." அவ்வளவுதான், ஒரு வணக்கம்கூட இல்லை. உறைமேல் விலாசம் மட்டும் உன் கையெழுத்தில், 'உயர்திரு' போட்டு. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்று டாக்டர் என்னிடம் வருத்தப்பட்டார். ஒழுகல் நின்றுவிட்டது.

நோட்டை அனுப்பவில்லை. அதில் மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க நான்கு மாதிரி இருக்கிறது, மனைவியிடம் கேட்க ஒன்றுகூட இல்லை. ஐந்து தாள் கிழித்தாகிவிட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் கண்ணில் படாமல் இதற்கு மட்டும் பதில் போடு: "கட்டில் காய்ந்துவிட்டது, வா" என்று எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்குமா?