மூச்சு வாங்காதவர்களுக்கு மட்டும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த பெருங்காரியம், 2003-ல் கொல்லிமலையில் எங்கள் அரியூர் நாட்டுக்கு (இங்கே சில ஊர்கள் சேர்ந்தாலே ஒரு நாடு) எக்கோ கருவியைக் கொண்டுவந்ததுதான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு குமிழை வைத்து அழுத்தினால், உள்ளே இதயம் துடிப்பதைத் திரையில் காட்டும் கருவி அது. கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு அலுங்கக் கூடாதென்று மெத்தை விரித்து, வேனின் நீள சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். டாக்டர்கள் ஓரமாக ஒண்டிக்கொண்டு வாந்தி எடுத்தபடியே வந்தார்கள். விஞ்ஞானத்துக்கு அப்படியொரு மரியாதை. நாங்களும் சளைக்கவில்லை, கருவிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினோம்.

சர்க்கரை நோய் இதயத்தை என்ன செய்கிறது என்று கண்டறிவதே அவர்கள் நடத்த வந்த ஆய்வின் ‘உன்னத நோக்கம்’.

வைத்தியம் என்று யார் மலையேறி வந்தாலும், ரொம்ப முடியாதவரை முன்னால் உட்கார வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே முதல் ஆள் பெருமாயி. பல வருஷத்துச் சர்க்கரை. கால் வீங்கி, நாலெட்டு வைத்தால் மூச்சு இரைக்கும். பக்கத்துப் பைல் நாட்டிலிருந்து கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். கட்டிலின் முன்பக்கம் பிடித்தவர் புருஷன் சென்றாயன்.

தலைமை டாக்டர் தனசேகரன் பதறிப்போனார். “இந்தம்மாவுக்கு மூச்சு வாங்குதே.”

“அதுக்குத்தானுங்க சாமி தூக்கிட்டு வந்தோம்” என்றார் சென்றாயன்.

“சர்க்கரை இருக்கணும் பெரியவரே, நெஞ்சுல தொந்தரவு இருக்கக் கூடாது. இவங்களைச் சேர்த்தா ஆய்வோட ‘தூய்மை’ கெட்டுடும்.”

“ஏனுங்க, சர்க்கரை நெஞ்சை என்ன பண்ணுதுன்னுதானே பாக்க வந்தீங்க? இவளைப் பண்ணிப்போட்டுதுங்களே.”

“அதான் சொல்றேன். பண்ணாதவங்களா வேணும்.”

தெளிவென்றால் இதுவல்லவா தெளிவு.

“சரி, உங்களுக்குச் சர்க்கரை உண்டா?”

“உண்டுங்க.”

“மூச்சு வாங்குமா?”

“இல்லீங்க.”

டாக்டர் முகம் மலர்ந்தது. சென்றாயனைப் படுக்க வைத்துக் குமிழை உருட்டினார். “அருமையான இதயம்.”

“இவளைத் தூக்கிட்டு வந்த இதயமுங்க, பின்ன எப்படி இருக்கும்? அந்தக் குமிழை அப்படியே இவ பக்கம் கொண்டு போங்க சாமி. கை நீட்டுனா எட்டுமுங்க.”

“திட்டத்துல இடமில்லை. நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போய் எக்கோ எடுத்துப் பாருங்க.”

“இது என்னதுங்க?”

“எக்கோ.”

சாயங்காலம் வேன் கிளம்பியது. பெருமாயியையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார் சென்றாயன். நீள சீட்டில் கருவி படுத்திருந்தது. அதை எழுப்புவது நாகரிகமா? மறுநாள் பஸ்ஸில், பாதி வளைவு இறங்குமுன்னே, பெருமாயிக்கு மூச்சு வாங்குவது அடியோடு நின்றது.

அடுத்த வருஷம் டாக்டர் வந்து கூட்டம் போட்டு முடிவை அறிவித்தார்: “கொல்லிமலைக்காரர்களின் இதயத்தைச் சர்க்கரை ஒன்றும் செய்வதில்லை. ஆய்வில் சேர்ந்த ஒருவர்கூட இறக்கவில்லை.”

கூட்டமே கை தட்டியது. ‘அருமையான இதயம்’ படைத்த சென்றாயன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டருக்குச் சால்வை போர்த்தியவன் நான்தான். டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு மெய். சாகக் கிடக்கிறவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால், உள்ளே யார் சாவார்கள்?