மூன்று பாலங்களும் ஒரு நிச்சயதார்த்தமும்

விருத்தாசலம்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணன் கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு,

தங்கை பானுமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் காவியாவும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு உங்களுக்குப் பார்வை தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன். தெளியாவிட்டால் அண்ணி இதைப் படித்துக் காட்டட்டும். சிரிப்பதற்கு இதில் எதுவும் இல்லை என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். தவிர, நான் போனை எடுத்தால் பக்கத்து அறையில் என் நாத்தனார் கொளஞ்சியம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.

காவியாவின் நிச்சயதார்த்தம் தள்ளிப்போய்விட்டதாக என் வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னாராம். தள்ளியெல்லாம் போகவில்லை. குறித்த நாளில், குறித்த நேரத்தில் இரண்டு குடும்பமும் பட்டுடுத்தித் தட்டைக் கையில் ஏந்தி வந்து நின்றோம். ஒரே இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளைப் பையன் இனியவனை உங்களுக்குப் போட்டோவில் தெரியும். காவியாவோடு நெய்வேலியில் ஒரே அலுவலகத்தில் வேலை. ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம், அதாவது வெள்ளாற்றைத் தாண்டி, கொள்ளிடத்தைத் தாண்டாமல். இந்த ஒரு வாக்கியத்தில்தான் இத்தனை கஷ்டமும் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, நான் பூகோளத்தில் எம்.ஏ. வாங்கியிருந்தும். பையனின் அப்பா சேரன் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார், அம்மா அமிர்தம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். பெண் பார்க்க வந்த அன்று எல்லாம் சுமுகமாகத்தான் இருந்தது. கிளம்பும்போது கொளஞ்சியம்மாள் வாசலில் வைத்து, "எங்க வூட்டு வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. வேற நாட்டுலேருந்து சம்மந்தம் வந்தா, நிச்சயத்தன்னைக்கு எங்க எல்லையில நாங்க வந்து நிப்போம். சொம்புத் தண்ணி குடுத்து ஆரத்தி எடுத்து அழைச்சாருவோம். அழைக்காம நீங்க உள்ள வந்தா வலிய வந்ததா ஆயிடும்" என்றார். சேரனுக்கு மிகவும் பிடித்துப்போனது. "எங்க வூட்டுலயும் அதே வழக்கந்தாங்க. அழைக்காம நாங்க எல்லையைத் தாண்ட மாட்டோம். எல்லையிலயே பாப்போம்" என்றார். "எல்லையில பாப்போம்" என்று இவரும் கைகுலுக்கினார். எந்த எல்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். அந்த வாசலில் எல்லை என்ற சொல்லைச் சம்பளத்துக்குக் கற்றுக்கொடுப்பவள் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன். நானும் டீ தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நிச்சயத்தன்று விடிவதற்குள் வேனில் ஏறினோம். பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் காவியா வரவில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் டீக்கு நிறுத்தியபோது எதிர்ப்பக்கமாக ஒரு வேன் நிறையப் பட்டுப்புடவையாகப் போனது. "யாரோ முகூர்த்தத்துக்குப் போறாங்க, நல்ல சகுனம்" என்றார் கொளஞ்சியம்மாள். வெள்ளாற்றுப் பாலம் வந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கத் தயாரானேன். வேன் நிற்காமல் போனது. "பாலம் வந்துடுச்சுங்களே" என்றேன். "இது ஆறு. எல்லை கொள்ளிடத்துல இல்ல இருக்குது" என்றார் இவர். இவர் கணக்கில், தொண்டைநாட்டுக்கும் சோழநாட்டுக்கும் நடுவில் இருக்கிற நம் நடுநாடு கொள்ளிடம் வரைக்கும். காவிரித் தண்ணீர் பாய்கிற மண்தான் சோழநாடு, முந்திரி விளைகிற செம்மண் நடுநாடு. "முந்திரிய வச்சிக்கிட்டு எப்புடி சோழநாடுன்னு சொல்ல முடியும்?" என்று டிரைவரைக் கேட்டார். சூளையில் பீங்கான் பியூஸ் கேரியர் சுடுகிற மனிதர் என்பதால் எந்த மண் எந்த ஊருடையது என்பதில் அவருக்கு எப்போதும் சந்தேகம் வராது. அப்படியென்றால் பையன் வீடு நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறதே, பிறகு எதற்கு எல்லைக்கு வந்து எதிர்கொள்ள வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பையன் வீட்டையே கடந்துகொண்டிருந்தோம். வாசலில் கோலம், மாவிலை, கதவில் பூட்டு. வேனை நிறுத்தியதும் பக்கத்து வீட்டு அம்மா, "பொண்ணு வூட்டுக்காரங்களா? அவங்க இருட்டோட கெளம்பிட்டாங்களே" என்றார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நமக்கு முன்னாடி போயி எல்லையில நிக்கிறாங்க. மரியாத தெரிஞ்சவங்க" என்றார். சம்பந்தி வீட்டார் தங்கள் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு வருவதற்கு எதிர்த்திசையில் கொள்ளிடத்துக்கு ஏன் போகிறார்கள் என்று அந்த வேனில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் தட்டுகள் என் மடியில் இருந்தன.

கொள்ளிடத்தில், அணைக்கரைப் பாலத்தில் நின்றோம். வெயில் ஏறியது. ஆரத்தித் தண்ணீரில் ஈ விழுந்து, வேறு கரைத்து, அதிலும் விழுந்தது. கடைசியில் இவரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் முழுவதும் கேட்டேன்.

"சம்மந்தி, எங்க இருக்கீங்க?"

"எல்லையிலதாங்க நிக்கிறோம். ஒங்களத்தான் காணோம்."

"நாங்களும் எல்லையிலதாங்க. பாலத்துக்கிட்டயா?"

"பாலத்துக்கிட்டதாங்க. டீக்கடைக்கு எதுத்தாப்புல."

"இங்கயும் டீக்கடை இருக்குதே. கைய ஆட்டுங்க பாப்போம்."

சற்று நேரம் கையை ஆட்டினார்கள், இரண்டு பக்கமும். கொள்ளிடக்கரையில் யாரோ ஒரு லாரிக்காரர் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார். அப்போது காவியா எனக்குப் போன் செய்தாள். "அம்மா, அவங்கெல்லாம் நம்மூர் மணிமுத்தாத்துப் பாலத்துல நிக்கிறாங்க. இனியவன் மெசேஜ் பண்றான். வூட்டு மாடியிலேருந்து பாத்தா அவங்க வேன் தெரியுது. நீங்க எங்க இருக்கீங்க?" அவர்கள் வீட்டையும் தாண்டி இருக்கிறோம் என்றேன்.

சேரனின் கணக்கு என்னவென்று பிறகு போனில் தெரிந்தது. அவருக்குச் சோழநாடு விருத்தாசலம் வரைக்கும். "உங்கூர்க் கோயில யாரு கட்டுனது? சோழர் வூட்டு அம்மா. கோயில் வரைக்கும் எங்களுதுதான். மரியாதைக்காகப் பாலத்தோட நின்னுக்கிட்டோம்" என்றார். இவர் முந்திரியையும் காவிரித் தண்ணீரையும் சொன்னார். அதற்கு அவர், "தண்ணிய வச்சாங்க நாட்டப் பிரிப்பாங்க? ராசா எங்க உக்காந்தாரு, கங்கைகொண்டசோழபுரத்துல. அது கொள்ளிடத்துக்கு இந்தாண்ட இருக்குதா அந்தாண்ட இருக்குதா?" என்றார். நாங்கள் வந்த வழியில்தான் அந்த ஊருக்குப் போகிற திருப்பத்தைத் தாண்டியிருந்தோம்.  அண்ணா, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. அரசர்கள் மாற மாற இந்தக் கோடுகளும் நகர்ந்திருக்கின்றன, இன்ன கல்லில் தொடங்கி இன்ன மரத்தில் முடிகிறது என்று யாரும் நட்டுவைக்கவில்லை. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தேர்வில் எழுதவும் செய்தார்கள். சம்பந்திகளிடம் சொல்ல அன்று ஒரு பாடவேளை கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், நம் வீடு பாலத்திலிருந்து கூப்பிடு தூரம், அவர்களை உள்ளே போய் உட்காரச் சொல்லியிருக்கலாமே என்று. சொன்னேன். அழைக்காமல் காலை வைக்க மாட்டேன் என்றார் சேரன். சரி, நாம் திரும்பிப் போய் அங்கேயே அழைக்கலாம் என்றேன். "அங்க போயி நான் சொம்ப நீட்டுனா, விருத்தாசலம் பாதி சோழநாடுன்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆவும்" என்றார் இவர். கடைசியில் அமிர்தம்தான் போனை வாங்கி, "ரெண்டு பேரும் வெள்ளாத்துக்கு வாங்க, அது நடுவுலதான இருக்குது" என்றார். அன்று முழுவதும் பேசப்பட்டதில் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான். இரண்டு வேனும் கிளம்பின.

வெள்ளாற்றுப் பாலத்துக்கு நாங்கள் தென்கரையில் வந்து நின்றோம், அவர்கள் வடகரையில் வந்து நின்றார்கள். யோசித்துப் பாருங்கள், பெண் வீட்டார் பையன் ஊர்ப் பக்கத்தில், பையன் வீட்டார் பெண் ஊர்ப் பக்கத்தில். இப்போது யார் யாரை எதிர்கொள்வது என்று கொளஞ்சியம்மாளுக்கே குழம்பிவிட்டது. நடுவில் பெண்ணாடம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே தவிர ஒருவரும் நகரவில்லை. முதலில் தாண்டுகிறவர் தோற்றவர்.

நான் நடந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. கையில் சொம்பு இருந்தது. பாதிப் பாலம் போனபோது எதிரில் அமிர்தமும் வந்துகொண்டிருந்தார், வெற்றிலைத் தட்டோடு. கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றோம். "கால் கொதிக்குதுங்க, காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல" என்றார். சொம்பை நீட்டினேன், குடித்தார். மிச்சத்தை நான் குடித்தேன். நிச்சயதார்த்தம் என்றால் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு கரையிலிருந்து, "பானு, தாண்டாத, அங்கயே நில்லு" என்று இவர் குரல். இன்னொரு கரையிலிருந்து, "அமிர்தம், திரும்பி வா, அவங்க வரட்டும்" என்று அவர் குரல். கரும்பு டிராக்டர்காரர், "ஏம்மா, ரெண்டு பேரும் பாலத்த வெலைக்கு வாங்கிட்டீங்களா?" என்று ஹாரன் அடித்தார். திரும்பினோம். நல்ல நேரம் போய்விட்டது. அன்று சாயங்காலம் போனில் சேரன், "நடுநாடுன்னா என்னாங்க? அந்தாண்டக்காரனும் இந்தாண்டக்காரனும் எடுத்துக்கிட்டது போவ நடுவுல மிச்சம் வுட்டது" என்று சொல்லிவிட்டார். இவர், "பேரு சேரன், வூடு எங்க நாட்டுல, வீராப்பு சோழநாட்டுக்கு. மொதல்ல எந்த நாடுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்று பதில் சொல்லிப் போனை வைத்தார். அதோடு பேச்சு நின்றது. இத்தனைக்கும் இரண்டு பேரும் வீட்டை வூடு என்றுதான் சொல்கிறார்கள், ஒரே முந்திரிக் கொட்டையைத்தான் உடைத்துத் தின்கிறார்கள்.

அன்றிலிருந்து இவர் விடிந்ததும் சூளைக்குப் போய்விடுகிறார், இருட்டிய பிறகு வருகிறார், சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார். காவியா அலுவலகம் போய் வருகிறாள். நேற்று அவளுக்கு ஒரு செய்தி வந்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத சோழநாட்டில், இனியவனுக்கு வேறு ஒரு பெண்ணைப் பார்க்கலாம் என்று அவன் சித்தப்பா சொல்கிறாராம். இனியவன் முடியாது என்று சொல்லியிருக்கிறான். இவளும் வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்கிறாள். ஆனால் அப்பாக்கள் பேசாமல் எத்தனை நாள் இப்படி இருப்பது? ராத்திரி தோசை ஊற்றும்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, இதப் பத்தியெல்லாம் நீ படிச்சவதான. அன்னைக்கு எல்லையில பாப்போம்னு அவங்க சொல்றப்ப, எந்த எல்லைன்னு ஒரு வார்த்த நீ கேட்டிருந்தா என்னா?" என்றாள். தோசை கருகியது. எனக்கு அதிகம் பேசும் பழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது ஒரு பதிலாக அவளுக்குப் படவில்லை. நடுநிசி தாண்டியும் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகையால் அண்ணா, நீங்கள் வர வேண்டும். நீங்கள் தாய்மாமன். தாம்பரத்தில் இருக்கிறீர்கள், எந்தக் கட்சியும் இல்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லை இதுதான் என்று ஒரு இடத்தைச் சொல்லிவிடுங்கள். அது சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளாறு என்று சொன்னால் போதும். அதற்கு வேண்டிய ஆதாரங்களை நான் எடுத்துத் தருகிறேன். கொள்ளிடம் என்று சொன்னாலும் ஆதாரம் இருக்கிறது. நான் சொன்னால் பெண்டாட்டி சொன்னதாகும், நீங்கள் சொன்னால் தீர்ப்பாகும். இந்த வேறுபாட்டைப் பற்றி எனக்குக் கருத்து இருக்கிறது, அதைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டாக்டர் அனுமதித்தால் இந்த வாரமே கிளம்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. கண்ணில் சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் ஆசியும் காவியாவுக்கு எப்போதையும்விட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
பானுமதி.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன், நீங்கள் வந்து எல்லையைத் தீர்த்து வைப்பீர்கள் என்று இவரிடம் சொன்னேன். உடனே சேரனுக்குப் போன் போட்டு, "தாம்பரத்துலேருந்து என் மச்சான் வந்து சொல்லுவாரு, அதோட முடிச்சிக்குவோம்" என்றார்.  அந்தப் பக்கத்திலிருந்து, "மெட்ராஸ்ல இருக்கறவருக்கு நம்ம பக்கத்து எல்ல என்னாங்க தெரியும்?" என்று கேட்டது. 'நம்ம பக்கம்' என்றதைக் கேட்டு இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதத்தான் சம்மந்தி நானும் யோசன பண்றேன். அவருக்குச் செங்கல்பட்டு தாண்டுனா எல்லாம் ஒரே ஊரு" என்றார். அதற்குப் பிறகு உங்களைப் பற்றி இருவரும் நிறையப் பேசினார்கள். நான் குறுக்கிடவில்லை, மன்னிக்கவும், பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. தை மாதத்தில் கல்யாணம், அன்று காலையிலேயே நிச்சயம். காவியா அழுதுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள். தீர்த்து வைக்க நீங்கள் வர வேண்டியதில்லை, கல்யாணத்துக்கு வந்தால் போதும். தாய்மாமன் தொண்டைநாட்டிலிருந்து வருவதால் முறைப்படி எல்லையில் வந்து எதிர்கொள்வதாக இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். தென்பெண்ணை என்கிறார் இவர், பாலாறு என்கிறார் அவர். நான் போன் செய்யும்வரை பஸ் ஏற வேண்டாம்.