துவக்குக்குச் சனிக்கிழமை முழுக்கு

மனிதரில் துடைப்பவர் என்று ஒரு வகை உண்டு. வாசகரே, நீங்கள் அவரைக் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். ஆசைப்பட்டு ஒரு பொருளை வாங்குவார், நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவார், அது வந்த அட்டைப்பெட்டியைக்கூட வீசாமல் கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்துவார், அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் அதைத் துடைப்பார். பாவிக்க மட்டும் மாட்டார். பாவித்தால் அழுக்காகிவிடுமே! பரமட்டாவில் என் மைத்துனர் ஒருவர் புல் வெட்டும் மெஷினைப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு, புல் வெட்ட ஆள் கூப்பிடுகிறார். அவரெல்லாம் கற்றுக்குட்டி. இந்த இனத்தில் முழுதாக வளர்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் மெல்பனுக்கு, கிரெய்கிபர்னுக்கு வரவேண்டும். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பெயர் கௌரிசங்கர்.

ஆஸ்பத்திரி ஒன்றில் மெஷின்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் கூட வேலை செய்யும் ஒருவர் இலக்குச் சுடும் கிளப்புக்கு அழைத்துப்போனார். மனிதருக்குப் பிடித்துவிட்டது. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துவிடுகிற ஒரு ரைஃபிள் வாங்கினார். எங்கள் இலங்கைத் தமிழில் துவக்கு. இரும்புப் பெட்டகம் ஒன்றைக் கராஜ் சுவரோடு ஆணியடித்து இறுக்கி, அதை உள்ளே குடிவைத்தார்.

துவக்கின் உள்ளே போல்ட் கேரியர் என்று ஒன்று இருக்கிறது. பயப்படாதீர்கள், பாடம் எடுக்கவில்லை. தோட்டாவை உள்ளே தள்ளி, சுட்டதும் வெறும் கோதை வெளியே இழுத்துவருகிற ஒரு சாண் உருக்குத் துண்டு, அவ்வளவுதான். கௌரிசங்கர் சாதாரணக் கேரியரைக் கழற்றி வைத்துவிட்டு, பொன்னிறப் பூச்சுப் பூசிய ஒன்றை விசேஷமாக வரவழைத்தார். பூச்சு எதற்கு? கரி ஒட்டாமலிருக்க, துருப் பிடிக்காமலிருக்க, உரசாமல் வழுக்கிக்கொண்டு ஓட. அதாவது, அடிக்கடி துடைக்காமலிருக்க. துடைக்கத் தேவையில்லாத பொருளைத் தேடி வாங்கி வாராவாரம் துடைக்கிறவரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

அவருடைய மனைவி மிருணாளினி சொன்னது எனக்குத் தெரியும். பக்கத்திலே நின்றேன்.

"உதென்ன, தங்கமோ?"

"இல்லையப்பா, பூச்சு."

"என்ர தாலிக்கொடியை ஒருநாளாவது இப்பிடித் துடைச்சுத் தந்திருப்பியளே?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சடங்கு தொடங்கும். பெட்டகம் திறக்கும், மேசையில் வெள்ளைத் துவாய் விரியும், கேரியர் வெளியே வரும், அதற்குள்ளிருந்து போல்ட் வெளியே வரும், போல்ட்டுக்குள்ளிருந்து ஊசி வெளியே வரும், பிறகு ஏழு போத்தல் எண்ணெயும் வரிசையாக வந்து நிற்கும். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, கரி கழுவ ஒன்று, கழுவியதைக் கழுவ ஒன்று, மற்ற மூன்றும் எதற்கென்று அவருக்கே சரியாகத் தெரியாது, ஆனால் இணையத்தில் யாரோ ஒரு தாடிக்காரர் நல்லதென்று சொல்லியிருப்பார். வீட்டில் காது குடையும் பஞ்சுக் குச்சி மிஞ்சாது. பல் துலக்கும் பிரஷ்ஷைக் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும். "ஒரு துளி போதும்" என்பார். ஒரு கரண்டி ஊற்றுவார். "பூச்சு எண்டாலும் பராமரிப்பு வேணும் கண்டியளோ" என்பார். துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். அழுக்கே இராது. எப்படி இருக்கும்? சுட்டால்தானே!

"தலைக்கு எண்ணெய் வச்சு முழுகுங்கோ எண்டால் நேரமில்லை. துவக்குக்கு மட்டும் சனிக்கிழமை தவறாமல் முழுக்கு" என்பாள் மிருணாளினி. ஒருநாள் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணை, ஊரில சண்டை நேரம் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழ முதல் ஆளாப் போறவர் இவர்தான். இப்ப காசு குடுத்து வாங்கித் தடவிக்கொண்டிருக்கிறார். சத்தம் போடாத துவக்கு ஒண்டு அவருக்கு வேணும் போல." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கிளப்புக்கு ஒவ்வொரு மாதமும் தவறாமல் போவார். போய், வானத்தைப் பார்ப்பார். மழை வரும்போலிருந்தால் ஈரம் கூடாது, வெயிலென்றால் புழுதி, இரண்டும் இல்லையென்றால் வடக்குக் காற்று. தேநீர் குடித்து, பூச்சைப் பற்றி நாலு பேருக்கு விளக்கம் சொல்லிவிட்டு, துவக்கைத் திறக்காமலே திரும்பிவிடுவார். அங்கே அவருக்கு ஓர் எதிர்க்கட்சியும் இருந்தது. சேஷாத்ரி, கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவரும் பூச்சுக் கேரியர்தான் வைத்திருந்தார், ஆனால் கட்சி வேறு. "சார், கோட்டிங் இருக்குல்ல? அப்புறம் எதுக்குத் துடைக்கணும்? வாங்கி ஒன்றரை வருஷம், ஒரு சொட்டு எண்ணெய் காட்டினதில்ல" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அவருடைய துவக்கின் உள்ளே கையை விட்டால் பொங்கல் பானையின் அடியில் விட்டதுபோலக் கறுப்பாக வெளியே வரும். ஒருவருக்குப் பூச்சில் நம்பிக்கையே இல்லை, மற்றவருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. பாவம் பூச்சு, இரண்டு பேரிடமும் அகப்பட்டுக்கொண்டது.

அக்டோபரில் கிளப் செயலாளர் கொலீன் அம்மையாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கிளப்பின் வருடம் மாதக் கடைசியோடு முடிகிறது, அதற்குள் ஒரு போட்டியிலாவது இருபது சூடும் முழுதாகச் சுட்டு அட்டையில் கையெழுத்து வாங்காவிட்டால் உங்கள் உறுப்புரிமையைப் புதுப்பிக்க முடியாது, அன்புடன். உறுப்புரிமை போனால் லைசென்ஸுக்குக் காரணம் போகும். லைசென்ஸ் போனால் துவக்கையும் பொன்னிறக் கேரியரையும் ஒப்படைக்க வேண்டியதுதான். கௌரிசங்கருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மிச்சமிருந்தது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. இப்படிப்பட்ட நெருக்கடியில் ஆயுத பூசையை விட முடியுமா? கேரியரைச் சாமியறையில் கொண்டுபோய் வைத்தால் சட்டம் விடாது. பெட்டகத்துக்கு வெளியே அது தனியே இருக்கக் கூடாது. ஆகவே சரஸ்வதி கராஜுக்கு எழுந்தருளினாள். பெட்டகத்தின் கதவு திறந்திருக்க, முன்னால் படம், பழம், அவல், கடலை. மிருணாளினி வேண்டாவெறுப்பாகத்தான் சந்தனம் குழைத்தாள். ஆனால் வைக்கும்போது கை தாராளமாகவே வைத்தது: கேரியரின் பக்கத்தில், போல்ட் திரும்புகிற சின்னப் பள்ளத்துக்கு, அந்தக் காடிக்கு, நேர் மேலே, அப்பளம் மாதிரி ஒரு பொட்டு. நடுவில் குங்குமம்.

விஜயதசமி முடிந்ததும் கௌரிசங்கர் கேரியரைத் துடைத்தார். சுற்றிவரத் துடைத்தார், மேலே துடைத்தார், கீழே துடைத்தார். பொட்டை மட்டும் தொடவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா, அதுவும் இப்படியொரு போட்டிக்கு முன்னால்? உலகத்தில் எதையும் துடைக்காமல் விடாத மனிதர் வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றைத் துடைக்காமல் விட்டார். விட்டதோடு நிற்காமல், வழக்கம்போல மேலே எண்ணெயும் ஒரு கரண்டி விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் போனேன். வரிசையில் படுத்தார்கள். இருபது சூடு, இருபது நிமிடம். கௌரிசங்கர் தோட்டாவை வைத்து, பிடியை இழுத்து விட்டார். கேரியர் பாதி தூரம் போய் நின்றது. இழுத்தார், வரவில்லை. தள்ளினார், போகவில்லை. அக்டோபர் குளிரில் மனிதருக்கு நெற்றி வேர்த்துக் கொட்டியது. மைதானத்துப் பொறுப்பாளர் கிரேக் வந்து, குழலைப் பாதுகாப்பாகத் திருப்பி வைத்து, பலமாகத் தட்டி இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்தார். விரலில் ஒட்டிய மஞ்சள் களியைப் பார்த்தார்.

"வாட்ஸ் திஸ், மேட்?"

"பிளெஸிங்" என்றார் கௌரிசங்கர், ஈனசுரத்தில்.

பக்கத்து இடத்திலிருந்து சேஷாத்ரி மூக்கை நீட்டினார். "சார், உங்க ரைஃபிள்ல கோயில் வாசனை வருது!"

ஏழு போத்தல் எண்ணெயும் பையில் இருந்தன. ஒன்றாலும் பிரயோசனமில்லை. எண்ணெயில் ஊறிய சந்தனம் காடி முழுக்க இறங்கி அப்பியிருந்தது. ஆற அமரப் பிரித்துச் சுரண்ட வேண்டும். நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கௌரிசங்கர் எழுந்து நின்றார். முகத்தைப் பார்க்க எனக்கே மனம் பொறுக்கவில்லை. "போச்சுது, எல்லாம் போச்சுது. அம்மாளாச்சி என்னை விட்டிட்டா" என்றார்.

"அம்மாவை எதுக்கு இழுக்கறீங்க?" என்றார் சேஷாத்ரி. தன் சுற்றை முடித்திருந்தார். "என்னோடது இருக்கு, இதுல சுடுங்க. கிரேக், ஓகேதானே?" கிரேக் தலையாட்டினார். இன்னும் பதின்மூன்று நிமிடம்.

அந்தக் கரிப்பானையைக் கையில் வாங்கியபோது கௌரிசங்கரின் உடம்பு கூசியதை நான் பார்த்தேன். ஆனாலும் படுத்தார். கண்ணை இறுக மூடித் திறந்தார். முதல் வெடி. தோள் துள்ளியது, கைகள் நடுங்கின. இரண்டாவது. மூன்றாவது. எட்டாவதுக்குப் பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. இலக்கின் நடுவிலேகூட இரண்டு பட்டன. பதினாறாவது வரை ஓட்டமாக ஓடிய துவக்கு பதினேழாவதில் முனகிக்கொண்டு நின்றது.

"என்ன சேஷாத்ரி இது?"

"தெரியலையே சார்! கோட்டிங் இருக்கே!" சேஷாத்ரியின் நெஞ்சு நிமிரவில்லை.

ஒன்றரை வருடக் கரி. பூச்சு தன்னால் ஆன மட்டும் தாங்கிப் பார்த்திருக்கிறது. நாலு நிமிடம்தான் மிச்சம். தோட்டாவை எடுத்துவிட்டு, கௌரிசங்கர் பைக்குள் கைவிட்டு ஒரு போத்தலை எடுத்தார். "ஒரு துளி போதும்" என்றார். அன்றைக்கு, நான் சாட்சி, ஒரு துளிதான் விட்டார். இரண்டு தரம் இழுத்து விட்டார். கேரியர் மறுபேச்சில்லாமல் ஓடியது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கிரேக் கையெழுத்துப் போட்ட அட்டையை வாங்கியபோது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இனி அவர் திருந்தியிருப்பார், மாதாமாதம் சுடுவார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? நானும் எதிர்பார்த்தேன். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்த மறுநிமிடம் மனிதர் கிளப்பின் மேசையில் துவாயை விரித்து, சேஷாத்ரியின் கேரியரைக் கழற்றிப் போட்டுத் துடைக்கத் தொடங்கினார். வெள்ளைத் துணி கறுப்பாக வந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதன்முதலாக நிஜமான அழுக்கு! அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவருடைய கலியாண வீட்டுப் படத்திலும் நான் கண்டதில்லை.

"சேஷாத்ரி, மாதாமாதம் நீங்கள் சுடுங்கோ, நான் துடைச்சுத் தாறன்."

"டீல் சார்!"

வீட்டுக்கு வந்து சொன்னபோது மிருணாளினி தலையில் கை வைத்தாள். "கடவுளே, அப்ப இனி ரெண்டு துவக்குக்கு முழுக்கோ?" பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சுட்டனீங்களோ? உண்மையாவோ? பயமா இருக்கேல்லையோ?"

"இருந்தது" என்றார் கௌரிசங்கர். "எட்டாவது வெடி வரைக்கும்." அவள் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்து, பொன்னிறக் கேரியரின் காடியிலிருந்து தன் கையாலேயே சந்தனத்தைக் கழுவிவிட்டாள்.

என்ன வாசகரே, சிரிக்கிறீர்களா? நல்லது, சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் ஷோகேஸை ஒருமுறை திறந்து பாருங்கள். விருந்தாளிக்கென்று வைத்த அந்தப் பூப்போட்ட கோப்பைகள் கடைசியாகத் தேநீரைக் கண்டது எப்போது? டி.வி. ரிமோட் இன்னும் பொலித்தீன் உறைக்குள்தான் மூச்சு விடுகிறதா? இந்தப் புத்தகத்துக்கு முதலில் அட்டை போட்டுவிட்டுத்தானே படிக்க உட்கார்ந்தீர்கள்? வீட்டிலே ஆசைப்பட்டு வாங்கிய ஏதாவது ஒன்றைப் போன வருடம் பாவித்ததைவிட அதிகம் துடைத்திருந்தால், வெட்கப்படாமல் கிரெய்கிபர்னுக்கு வாருங்கள். சனிக்கிழமை பத்து மணி. கௌரிசங்கரின் கராஜில் உங்களுக்கும் உட்கார ஒரு கதிரை இருக்கிறது. அதன் உறையை மட்டும் கழற்றிவிடாதீர்கள், அவருக்குப் பிடிக்காது.