சத்தமில்லாத பத்து நிமிடம்

"இஃப்பத்து, தம்பி தலையில இருந்து அந்த வாளிய எடு!"

"எடுத்தா கத்துவாம்மா. வாளி இருந்தாத்தான் சத்தம் வெளிய வராது."

சபிஹா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றுக்கு இன்னும் இருபது நிமிடம். சரியாகப் பதினொன்றுக்குச் சென்னையிலிருந்து கீர்த்தனா மேடம் பேட்டிக்குக் கூப்பிடுவார். பத்து நிமிடம் வீட்டில் சத்தமே இருக்கக் கூடாதாம். ஆறு வயதில் இஃப்பத், மூன்று வயதில் பாரூக், போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை. அமைதிக்கு அவள் எங்கே போவாள்?

பேகம்பூர் வீட்டில் சபிஹாவின் ஒரு காது குடும்பத்துக்கு, மறு காது பாட்காஸ்டுக்கு. அரிசி களையும்போது செய்தி. துணி அலசும்போது பேய்க்கதை. வெங்காயம் உரிக்கும்போது மட்டும் கீர்த்தனாவின் 'அம்மாவுக்கு ஒரு காது'. "பிள்ளைகளிடம் கத்தாதீர்கள். தாழ்ந்த குரலுக்குத்தான் வலிமை" என்று அத்தனை மெதுவாகப் பேசுவார். பாரூக் பிறந்த பிறகு காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்த மாதங்களில் சபிஹாவை எழுப்பி உட்கார வைத்தது அந்தக் குரல்தான்.

"ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு ஒரு தடவகூட குரல உசத்தாத மனுஷி அக்கா அவுக!" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லி மாய்ந்துபோவாள்.

அந்த மனுஷி, கேட்கிற இத்தனை அம்மாக்களில் அவளைப் பேட்டிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார். போன மாதம் பேசிய ஓர் அம்மாவின் பேட்டி குக்கர் விசிலில் பாழாகி வெளிவராமலே போனது. சபிஹா காலையிலேயே குக்கரைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள்.

"என்னங்க, செத்த நேரம் இதுக ரெண்டையும் பாத்துக்கங்க."

அப்துல் ஹக்கீம் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கித் தருகிறவர். பின்கொட்டகையில் மிளகாய்த்தூள் சலித்துக்கொண்டிருந்தார். "விட்டுட்டுப் போ, நானாச்சு" என்றார்.

மூன்றாவது நிமிடம், ஆளுக்கொரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்தா, இவன் தூளுக்குள்ள கைய விட்டுக் கண்ணக் கசக்கிட்டான். தடுக்கப் போன எனக்கும் கண்ணு போச்சு."

பாரூக் ஊரைக் கூட்டினான். முகத்தைக் கழுவிவிட்டு, ஹக்கீமின் போனில் குழந்தைகளுக்கான கதைப் பாட்காஸ்டைப் போட்டாள் சபிஹா. மந்திரம் போட்டதுபோல அழுகை நின்றது. அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"குட்டீஸ், இப்ப எல்லாரும் சிங்கம் மாதிரி கர்ஜிங்க பாக்கலாம்!" என்றது போன். "பத்தல! இன்னும் சத்தமா!"

வீட்டில் யார் பேச்சையும் கேட்காத பிள்ளைகள் போன் பேச்சைக் கேட்டார்கள்.

'குழந்தையிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்' என்று கீர்த்தனா சொன்னது சபிஹாவுக்கு நினைவு வந்தது.

"இஃப்பத்து, நீதான் பெரிய மனுஷி. தம்பியக் கூட்டிக்கிட்டு வாசல்ல நில்லு. வாரவங்ககிட்ட சத்தம் போடாதீங்கன்னு சொல்லணும், சரியா?"

இஃப்பத் எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. உதட்டில் விரலை வைத்து, தெருவில் போனவர் வந்தவரை எல்லாம் நிறுத்தினாள். "சத்தம் போடாதீங்க! எங்க வீட்டுல இப்ப யாரும் பேசக் கூடாது!" பக்கத்தில் கோவைப்பழக் கண்ணோடு தம்பி. அவனுக்குப் பின்னால், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹக்கீம்.

மீன்காரர் கூவுவதை நிறுத்திவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். எதிர்வீட்டு ஆரிபா மாவுக்கையோடு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பெண்கள்.

"யா அல்லா! போயிட்டது யாருடி சபிஹா? ஊருல இருக்குற ஒம் மாமனாரா?"

"மௌத்தெல்லாம் இல்லக்கா! பாட்காஸ்டு!"

"அது என்ன நோவுடி? எத்தன நாளா இருந்துச்சு?"

"ஐயோ, யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா!"

"மனசத் தேத்திக்க. நாற்காலிக்கு ஆள் அனுப்பியாச்சு."

இரண்டே நிமிடம் இருந்தது. சபிஹா போனைத் தூக்கிக்கொண்டு பின்கொட்டகைக்கு ஓடினாள். இருநூறு பேருக்குப் பிரியாணி வேகும் பெரிய அண்டா, தேக்சா, கழுவி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. முக்காலியில் ஏறி உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த ஹக்கீம் திகைத்து நின்றார்.

"ஏ, என்ன பண்ற?"

"மூடிய லேசா சாய்ச்சு வைங்க. தம்மு போட்டுறாதீங்க. யாரு கேட்டாலும் நான் இல்ல."

"பதினஞ்சு வருஷத்துல இதுக்குள்ள என்னென்னமோ போட்டிருக்கேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடியை வைத்தார்.

போன் அடித்தது.

"வணக்கம் சபிஹா" என்றது அதே குரல். சபிஹாவுக்குக் கண் நிறைந்தது. "உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர மாதிரி இருக்கே?"

"வீடு கொஞ்சம் பெருசு மேடம்."

"இவ்வளவு வேலைக்கு நடுவுல எப்படி இத்தனை அமைதியா இருக்கீங்க?"

"எல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான் மேடம். எங்க வீட்டுல யாரும்..."

டங்!

பிரியாணிக் கரண்டி தேக்சாவின் மேல் விழுந்தது. "அம்மா உள்ள இருக்கு!" என்றான் பாரூக். டங்! டங்!

"யாரும் பேசாதீங்க!" என்று இஃப்பத் அலறினாள்.

"அடிப்பாவி, துக்கம் தாளாம சட்டிக்குள்ள போயி உக்காந்துட்டாளே!" என்று ஆரிபா குரலெடுத்தாள்.

டங்! டங்! டங்!

"இப்ப நிறுத்தல, ரெண்டு பேரு முதுகுத் தொலியயும் உரிச்சிருவேன்!"

சபிஹா கத்தியதைத் தேக்சா வாங்கி நாலு தடவை திருப்பிச் சொன்னது. கொட்டகை அடங்கியது.

இரண்டு வருட ஆசை, இரண்டு நிமிடத்தில் போயிற்று.

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்றாள். "பொய் சொல்லிட்டேன். பிரியாணி ஆக்குற தேக்சாவுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்துதான் பேசுறேன். உங்கள மாதிரி எல்லாம் என்னால ஆக முடியாது. பேட்டிய அழிச்சிருங்க."

எதிர்முனையில் ஒரு கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, போனுக்குள் ஒரு சின்னப் பெண்ணின் ரகசியக் குரல்:

"அம்மா, இன்னிக்கும் பீரோவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுதான் பேசுறியா? தம்பி தேடி அழறான், நீ ஊருக்குப் போயிட்டேன்னே சொல்லிடட்டுமா?"