அப்பா லிஃப்டிடம் கேட்ட கேள்வி

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. பணிவு எனக்குப் புதுப் பழக்கம். கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பா நலமா என்பதை இதைப் படித்துவிட்டுத் தாங்களே தீர்மானிக்கவும். தாங்கள் போனைத் துறந்துவிட்டதாலும், என் போன் துவைக்கப்பட்டுவிட்டதாலும் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தத்துவப் பேராசிரியர் என்ற முறையில், சாப்பாட்டு மேசையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினீர்கள். கருவி மனிதனை மலர வைக்க வேண்டும், மழுங்க வைக்கக் கூடாது, எந்த இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பும் அதன் எதிரே நின்று, "நீ என்னை மலர வைக்கிறாயா?" என்று கேட்க வேண்டும் என்றீர்கள். மூவரும் தலையாட்டினோம். நானும் அம்மாவும் கை கழுவும்போதே அதையும் கழுவிவிட்டோம். அப்பாதான் மாட்டிக்கொண்டார். அண்ணன் வாயிலிருந்து வந்தால் அவருக்கு அது அரசாணை.

மறுநாள் காலையிலேயே விசாரணை தொடங்கிவிட்டது. மிக்ஸியின் முன்னால் நின்று கேட்டார். அது பதில் சொல்லாததால் அலமாரிக்குள் போயிற்று. இஸ்திரிப் பெட்டியும் வாய் திறக்கவில்லை, அப்பா சுருங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார். வாஷிங் மெஷின் முறை வந்தபோது அம்மா, "அப்ப துணிய யாரு துவைக்கிறது?" என்றாள். "கையால துவைச்சா மனசு மலரும்." "ரொம்ப நல்லது. பக்கெட் அங்க இருக்கு, போய் மலருங்க." அப்பா நிஜமாகவே போய்ப் போர்வைகளைப் பிழிய ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மா போனிலிருந்து என் போனுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் போனை மெஷினுக்குள் வைத்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து குரலை மாற்றி, "ஐயா, நான் உங்களை மலர வைப்பேன்" என்றேன். அப்பா மெஷின் பக்கம் திரும்பினார். "அப்படியா? சரி, மலர வை" என்று கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கிவிட்டார். அவருக்குத் தெரிந்துதான் செய்தாரா என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அது தங்கள் குடும்ப முகம். போன் இப்போது அரிசி டப்பாவில் தீவிர சிகிச்சையில் இருக்கிறது.

இது வீட்டுக்குள் நடந்த கூத்து. தாங்கள் மறந்துபோன சிறு விஷயம் ஒன்று உண்டு: அப்பா ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஏற்ற இறக்கத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பே எரிகிறது. இந்த வாரம், அவர் பொறுப்பிலுள்ள ஆறு மாடிக் கட்டடத்துக்கு எண்ணெய் போடப் போனவர், எண்ணெய்க்குப் பதில் கேள்வியைப் போட்டிருக்கிறார். லிஃப்ட் மௌனம். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 'யோசனையில் உள்ளது' என்று அட்டை மாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படியேறி வர, "மலர்ச்சியா இருக்கா?" என்று விசாரித்திருக்கிறார். "ரொம்ப மலர்ச்சி சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்றார்களாம். பிடித்தார். ஐந்தாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ரேடியோ அறிவிப்பாளர் அக்கா, "அண்ணே, மலர்றத அப்புறம் பாத்துக்கலாம், செய்தி வாசிக்கணும், முதல்ல கீழ இறக்குங்க!" என்று கத்த, நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கினார். சாயங்காலம் தூக்கி ஏற்றினார். மறுநாளும் அதே. எல்லோரையும் கேள்வி கேட்ட மனிதர் இப்போது கேள்விக்குறி மாதிரியே வளைந்து நடக்கிறார்.

நேற்று மேலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க வேலை லிஃப்ட ஓட விடறது. அத நிக்க வெச்சுப் பேட்டி எடுக்கறது இல்ல. திங்கட்கிழமை அது ஓடலைன்னா டூல்ஸ் பையக் குடுத்துட்டுப் போயிடுங்க." பத்தொன்பது வருஷமாகத் தோளில் தொங்கும் பை, பெரியப்பா. அதற்கு அப்பா சொன்ன ஒரே பதில்: "அண்ணன் சொல்லட்டும் சார்."

எனக்குத் தத்துவம் தெரியாது. ஆனால் அப்பா கேள்வியை இடம் மாற்றிக் கேட்கிறாரோ என்று படுகிறது. லிஃப்டிடம் கேட்டால் அது என்ன சொல்லும், பாவம்? ஐந்தாம் மாடிக்குப் போய்க் கேட்டிருக்கலாம். ஆகவே, 'லிஃப்டும் மலர வைக்கும்' என்று ஒரே ஒரு வரி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். தங்கள் தத்துவத்துக்குச் சின்னக் கீறல்தான் விழும். எங்களுக்குக் குடும்பமே தப்பிக்கும்.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் ஆசிகள் என்றும் எனக்கு வேண்டும். தங்கள் கருத்துகள் கொஞ்ச நாளைக்கு அப்பாவுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பியின் அடங்காத மகள்

பி.கு.: தபால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராதே என்று, இதைக் கையில் கொடுக்க இன்று அப்பாவோடு நேரிலேயே வந்தேன். தங்கள் வீடு முதல் மாடிதானே என்று படியில் கால் வைத்தோம். பக்கத்தில் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. உள்ளே தாங்கள். காதில் போன். "லிஃப்டுக்குள்ள இருக்கேன்பா, ஒண்ணும் கேக்கல!" எங்களுக்கு நன்றாகவே கேட்டது. பயந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். அவர் தங்களைப் பார்க்கவே இல்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கதவு உருளை தேஞ்சிருக்கு. அந்தக் கிர்ருனு சத்தம் கேட்டியா? எத்தன நாளா இப்படிக் கஷ்டப்படுதோ" என்று என்னிடம் சொன்னவர், காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பையைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். சத்தம் போனதும், "வா, நம்மது அங்க சும்மா நிக்குது" என்று கிளம்பிவிட்டார். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை, பதிலும் வேண்டாம். எழுதிய பாவத்துக்கு இதைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நாளை லிஃப்டில் ஏறும்போது, மேலேயிருந்து ஒரு குரல், "பேராசிரியரே, முதல் மாடிக்கா?" என்று கேட்டால் திடுக்கிடாதீர்கள். அரிசி டப்பாவிலிருந்த போன் பிழைத்துவிட்டது, இப்போது தங்கள் லிஃப்டின் கூரையில் இருக்கிறது. அதை எங்கே ஒளித்து வைப்பது என்று சொல்லிக் கொடுத்தது அப்பா. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.